மைனாவிடம் மிச்சமிருந்த சொல்

மைனா பேசும் பறவை என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. பறவைகளைப் பற்றி இதைவிடப் பெரிய பிழையை இதுவரை யாரும் செய்ததில்லை. மைனா பேசாது; பிறர் பேசியதைச் சொல்லும். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் கோரைக்குளத்து மான்குட்டியைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள்.

மலையடிவாரக் காட்டில் இருந்தது அந்தக் குளம். அங்கே ஒரு மைனா விலங்குகளுக்கிடையே செய்தி கொண்டுபோகும் வேலை பார்த்தது. அதற்கு முன் அது ஒரு பள்ளிக்கூடத்தின் ஓட்டுக்கூரையில் குடியிருந்தது. கட்டுரை வகுப்பைத் தவறவிட்டதே இல்லை. "சொன்னான், சொன்னான் என்றே எழுதுகிறாயே, உனக்கு வேறு சொல்லே கிடைக்கவில்லையா?" என்று ஆசிரியர் மாணவர்களைக் கடிந்துகொள்வார். மைனா அதை மனத்தில் முடிந்துவைத்துக்கொண்டது. ஒருமுறை பயன்படுத்திய சொல்லை அன்று பொழுது சாயும்வரை மறுபடி தொடுவதில்லை என்று விரதமே பூண்டது.

செய்தியில் மட்டும் அது கை வைக்காது. ஓர் எழுத்தைக் கூட்டாது, குறைக்காது. அலங்காரமெல்லாம் கடைசியில், 'சொன்னான்' என்பதற்குப் பதிலாக வரும் அந்த ஒரு சொல்லில்தான். யாருடைய குரலையும் அப்படியே எடுக்க அதற்குத் தெரியும். ஆனால் அது கூண்டுக்கிளிகளின் வேலை என்று இளப்பமாக நினைத்தது.

ஒரு கோடையில் குளம் வற்றியது. நடுவில் கொஞ்சம் தண்ணீர், சுற்றிலும் சேறு. ஒருநாள் காலை அணில், குரங்கிடம் அத்திப்பழம் கேட்டனுப்பியது.

"'எனக்கு ஒரு பழம் போடு' என்று அணில் கெஞ்சினான்!" என்றது மைனா.

"கெஞ்சினானா! அடேயப்பா!" குரங்கு பூரித்துப்போய் இரண்டு பழம் போட்டது. உண்மையில் அணில் வாயில் ஒரு பழத்தை மென்றுகொண்டுதான் கேட்டிருந்தது.

அடுத்தது தவளை. "'இன்றைக்கு ஈ குறைவு' என்று தவளை கதறினான்!"

பிறகு ஆமை. "'சற்று நகர்ந்து உட்கார்' என்று ஆமை மன்றாடினான்!"

பிறகு கொக்கு. "'அப்புறம் வா' என்று கொக்கு தட்டிக்கழித்தான்!"

கரையெல்லாம் ஒரே சிரிப்பு. "உன் வாயால் கேட்டால் வெறும் ஈயும் காவியமாகிவிடுகிறதப்பா!" என்று குரங்கு மெச்சியது. இப்படி உச்சிவேளைக்குள் நல்ல சொற்களெல்லாம் தீர்ந்துபோயின.

அப்போது கோரைப்புல்லுக்குள்ளிருந்து மான் கூப்பிட்டது. தண்ணீர் குடிக்க இறங்கிய அதன் குட்டி, வயிறுவரை சேற்றில் புதைந்திருந்தது. நாவல் மரத்தில் இருந்த மைனாவுக்குத் தாயின் தலை மட்டும் தெரிந்தது. குட்டியைக் கோரை மறைத்துவிட்டது.

"மைனா! யானையக்காவிடம் ஓடு! 'உடனே குளத்துக்கு வா, தாமதிக்காதே' என்று சொல்! என் குட்டி..."

"போதும், போதும்! செய்தி நீண்டால் நயம் கெட்டுவிடும்!" என்று மைனா பறந்துவிட்டது.

யானை மூங்கில் சரிவில் நிழலுக்கு ஒதுங்கியிருந்தது. மரக்கிடங்கு ஒன்றிலிருந்து தப்பி வந்த யானை அது. "தூக்கு! தள்ளு! நட!" என்ற பாகனின் அதட்டலிலேயே பாதி ஆயுள் போயிருந்தது. இனி யாருடைய அதட்டலுக்கும் கால் எடுத்து வைப்பதில்லை என்ற பிடிவாதம் ஒன்றுதான் அதற்குச் சொந்தமாக மிஞ்சியிருந்தது.

"உடனே குளத்துக்கு வா, தாமதிக்காதே..." என்று தொடங்கிய மைனா சற்றே நிறுத்தியது. கெஞ்சினாள்? அது அணிலுக்குப் போய்விட்டது. கதறினாள்? தவளைக்கு. மன்றாடினாள்? ஆமைக்கு. கைவசம் மிச்சமிருந்த சொல்லை எடுத்தது.

"...என்று மான் அதட்டினாள்!"

யானையின் காதுகள் அசையாமல் நின்றன. "அதட்டினாளா? அந்த மானா? என்னையா? சரியாகக் கேட்டாயா?"

"ஓர் எழுத்துப் பிசகவில்லை!"

"எதற்கு வரவேண்டுமாம்?"

"அது செய்தியில் இல்லை."

"காரணம்கூடச் சொல்லமாட்டாளாக்கும்!" யானை முகத்தைத் திருப்பிக்கொண்டது. "பார்க்கலாம் என்று போய்ச் சொல்."

மறுத்தாள் என்று சொல்லலாமா? அந்தச் சொல் விடியற்காலையிலேயே நண்டுக்குச் செலவாகிவிட்டது. தட்டிக்கழித்தாள்? கொக்குக்கு. மைனா நாவல் மரத்தில் இறங்கியதும் இறங்காததுமாகக் கூவியது:

"'பார்க்கலாம்' என்று யானை உறுதியளித்தாள்!"

கூவிவிட்டு அடுத்த செய்திக்குப் பறந்துவிட்டது.

மானுக்கு உயிர் வந்தது. "கேட்டாயா கண்ணே? பெரியம்மா வருகிறாள். ஆடாமல் அசையாமல் இரு."

"எப்போம்மா வருவாங்க?"

"இதோ, வந்துவிடுவாள்."

காட்டெருமைகள் அந்த வழியாகப் போயின. மூத்த எருமை நின்று பார்த்தது. "குட்டி மாட்டிக்கொண்டதா தங்கச்சி? நாங்கள் இறங்கி முட்டித் தள்ளிப் பார்க்கட்டுமா?"

"வேண்டாம் அண்ணா. நீங்கள் இறங்கினால் சேறு இன்னும் உள்ளே இழுக்கும். யானையக்கா தும்பிக்கையால் தூக்கிவிடுவாள். உறுதியளித்திருக்கிறாள்."

எருமைகள் போய்விட்டன. வெயில் நகர்ந்தது. சேறு குட்டியின் கழுத்துக்கு ஏறியது. "பெரியம்மா வழி மறந்துட்டாங்களா?" என்று குட்டி ஒருமுறை கேட்டது. அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை.

பொழுது சாயும்போது யானை வழக்கம்போலத் தண்ணீர் குடிக்க வந்தது. மான் சேற்றின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது.

"என்னை அதட்டினாயாமே?" என்றது யானை.

மான் நிமிர்ந்து பார்த்தது. "அதட்டவா? எனக்கு அதட்டத் தெரியாதே, அக்கா."

அப்போதுதான் யானை கீழே பார்த்தது. தும்பிக்கையை நீட்டியது. ஒரே இழுப்பில் குட்டியை வெளியே எடுத்துப் புல்லின்மேல் கிடத்தியது. தூக்குவதற்கு அது ஒரு பாரமே இல்லை. மான் அதன் முகத்துச் சேற்றை நக்கத் தொடங்கியது. குட்டி கண் திறக்கவில்லை.

மைனா திரும்பி வந்து உட்கார்ந்திருந்த நாவல் மரத்தை நோக்கி யானை தலையைத் தூக்கியது. "மைனா! இவள் என்னை எப்படி அழைத்தாள்?"

மைனா அலகைத் திறந்தது. அலங்காரச் சொல் எதுவும் வரவில்லை. பிறகு அதன் தொண்டையிலிருந்து மானின் குரல் வந்தது. மூச்சு வாங்க, நடுங்கிக்கொண்டு, பாதியில் உடைந்து: "உடனே குளத்துக்கு வா, தாமதிக்காதே..."

யானை அதைக் கேட்டது. காதுகளை மடக்கிக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல் திரும்பிப் போயிற்று.

பிறர் சொன்னதைச் சுமந்து செல்பவர், சொற்களைக் காப்பாற்றிவிட்டு அவை வந்த குரலைத் தொலைத்தால், எதையும் கொண்டுசேர்த்தவர் ஆகமாட்டார்.

மறுநாள் காலை மைனா குரங்கிடம் வந்து, "அணில் பழம் கேட்டான்" என்றது. குரங்கு ஒரே ஒரு பழம் போட்டது.