சீர்த்தட்டோட வடபழனி போன தாய்மாமன்

ஒரு ஊர்ல ஒரு சொரிமுத்து இருந்தான். தென்காசிப் பக்கம். அவனுக்கு ஒரே அக்கா, பேரு பிரம்மசக்தி. அவளைச் சென்னையில கட்டிக் குடுத்திருந்தாங்க. அக்கா மகளுக்கு வடபழனி கோயில்ல காதுகுத்து. பத்தரைக்குள்ள தாய்மாமன் மடியில வச்சுக் குத்தணும். மாமன் வரலேன்னா வேற ஆளு மடியில வச்சுருவாங்க. பொறந்த வீட்ல ஆளே இல்லையான்னு அக்காளை நாலு பேர் கேப்பாங்கல்ல? ம் கொட்டு. ஆங்.

அப்போ சொரிமுத்து பட்டுப்பாவாடை, வளையல், பழம், கம்மல் எல்லாம் வச்சு சீர்த்தட்டைத் தூக்கிக்கிட்டு முதல்தடவையா சென்னைக்கு வந்தான். அக்கா கையில குடுக்கிற வரைக்கும் தட்டைக் கீழ வைக்கக் கூடாது. அவங்க வீட்டு வழக்கம் அப்படி.

டவுன் பஸ்ல ஏறினான். அப்பப்பா, கூட்டம்! "குடு தம்பி, நான் வச்சுக்கறேன்"னு முன் சீட்டு அம்மா தட்டை வாங்கி மடியில வச்சுக்கிட்டாங்க. நல்ல அம்மாதான். ஆனா கூட்டம் இவனைத் தள்ளித் தள்ளிப் பின்னால கொண்டு போயிருச்சு. "வடபழனி எறங்கு!"ன்னார் கண்டக்டர். இவன் பின்னால, தட்டு முன்னால. விட்டுட்டு எறங்குவானா? "தட்டு! என் தட்டு!"ன்னு முண்டிக்கிட்டு வர்றதுக்குள்ள ப்ர்ர்ர்னு விசில். தட்டை வாங்கிக்கிட்டு, வடபழனி தாண்டிக் கோயம்பேட்ல போய்த்தான் எறங்கினான். மணி பத்து.

ம்? முழிச்சிருக்கியா?

அப்புறம் மெட்ரோ ரயிலுக்கு ஓடினான். வாசல்ல பையைச் சோதிக்கிற மெஷின் ஒண்ணு, டிர்ர்ர்னு ஓடுது. "தட்டை அதுல வைங்க சார்"ன்னாங்க காவலுக்கு நின்ன பொண்ணு. "வைக்க மாட்டேன்." "வைக்காம விட முடியாது சார்." "சீரும்மா, அக்கா மகளுக்குக் காதுகுத்து." அழுகிற மாதிரி நின்னான், கழுதை. அந்தப் பொண்ணு சுத்தும்முத்தும் பாத்தாங்க. துணியை விலக்கி, பாவாடையை உதறி, ஒவ்வொரு பழமாத் தொட்டுப் பாத்து, "போங்க"ன்னாங்க. அதுல ஒரு ரயில் போயிருச்சு. பத்தே காலு.

அப்புறம் வடபழனியில எறங்கினா, குறுக்கே பெரிய ரோடு. ஊர்ல சீர் போனா பஸ்ஸே ஒதுங்கி நிக்கும். அந்த நெனப்புல தட்டைத் தலையில வச்சுக்கிட்டு விறுவிறுன்னு எறங்கிட்டான், அறிவுகெட்டவன். பாம்! பாம்! கிரீச்! நடுரோட்ல நடுங்கிப் போய் நிக்கிறான். அப்போ ஒரு ஆட்டோக்காரர் வண்டியைக் குறுக்கே போட்டு, "நில்லுங்கப்பா, சீர் போவுது! யோவ், நீ போய்யா சீக்கிரம்!"னார். ஓடினான்.

கோயில்ல ஆசாரி ஊசியோட ஒக்காந்திருக்கார். அக்கா புருஷனோட அண்ணன் மடியை விரிச்சுக்கிட்டுத் தயாரா இருக்கார். பிரம்மசக்தி பிள்ளையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "எந்தம்பி வருவான். அவன் வராம யாரும் எம்பிள்ளையைத் தொடப்படாது"ங்கிறா. சொல்லிக்கிட்டே வாசலைப் பாக்கிறா.

"யக்கா!"

தட்டை அவ கையில குடுத்தான். விரலெல்லாம் மரத்துப் போய் நீட்டவே வரலை. அக்கா தட்டை என்னன்னுகூடப் பாக்கலை, அப்படியே பக்கத்துல குடுத்துட்டா. தம்பியை உக்கார வச்சு, முகத்தைத் தன் முந்தானையால தொடச்சுவிட்டு, பிள்ளையை மடியில போட்டா.

ஆசாரி ஊசியை எடுத்தார். சுருக்!

பிள்ளை அழுதுச்சாங்கிற? அது பாட்டுக்கு வளையலைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. தேம்பித் தேம்பி அழுதது மாமன்தான்.

அவ்வளவுதான் கதை. காதைத் தடவினது போதும், புரண்டு படுத்துத் தூங்கு.