மைனா தாண்டிப்போன சரளி வரிசை

ஒரு குளக்கரை மருதமரத்தில் மைனா ஒன்று இருந்தது. கேட்ட குரலை அப்படியே திருப்பிச் சொல்வதில் அது கெட்டிக்காரி. அதே கரையில் தவளை ஒன்றும் இருந்தது. அதற்குக் கரகரத்த தொண்டை.

ஐப்பசியில் வடக்கேயிருந்து மாங்குயில் வந்து மருதமரத்தில் தங்கியது. அதன் பாட்டைக் கேட்டு இரண்டும் அதனிடம் ஓடின.

"அக்கா, எங்களுக்கும் சொல்லிக்கொடு!"

"சரி. முதலில் சரளி வரிசை. ஸ ரி க ம ப த நி. ஏழு சுரமும் அதனதன் இடத்தில் நிற்க வேண்டும். பிறகுதான் பாட்டு!" என்றது மாங்குயில்.

தவளை விடியும்போதே சாதகத்தைத் தொடங்கிவிடும். மைனா ஒரே வாரத்தில் சலித்துப்போனது.

"இன்னுமா ஸரிகம?"

"என்ன செய்ய? என் 'க' நிற்கமாட்டேன் என்கிறதே!" என்றது தவளை.

"ஏழு எழுத்தை எத்தனை நாள் பாடுவது! நான் பாட்டையே பிடித்துக்கொள்கிறேன், பார்!"

மாங்குயில் தனியே பாடும்போது மைனா இலைகளுக்குள் ஒளிந்து கேட்டது. சீக்கிரமே முழுப் பாட்டும் வந்துவிட்டது. "சாதகம் செய்தாயா?" என்று மாங்குயில் கேட்கும்போதெல்லாம், "செய்தேன் அக்கா!" என்று பொய் சொன்னது.

பங்குனியில் மாங்குயில் ஊர் திரும்பும் நாள் வந்தது. வழியனுப்பப் பறவைகளெல்லாம் கூடின.

"அக்கா, உன் பாட்டை நானும் சேர்ந்து பாடுவேன்!" என்றது மைனா.

மாங்குயிலுக்கு ஆச்சரியம். "பாடு. எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. சுருதியைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வோம்."

மைனாவுக்கு இறக்கத் தெரியவில்லை. ஒளிந்து கேட்ட சுருதியில்தான் அதற்குப் பாட்டு வரும். இரண்டு குரலும் மோதின. மைனா தடுமாறி நின்றது. விட்ட இடத்திலிருந்து எடுக்கவும் தெரியவில்லை. மாங்குயிலுக்கு இருமல் வந்து பாட்டு அறுந்தது.

அப்போது தண்ணீரோரத்திலிருந்து தவளை, இறக்கிய சுருதியிலேயே 'ஸ' பிடித்தது. கரகரத்தாலும் அசையாமல் நின்றது. அதைப் பற்றிக்கொண்டு மாங்குயில் பாட்டை முடித்தது.

கூட்டம் கலைந்ததும் மைனா தலைகுனிந்து வந்தது. "அக்கா, நான் பொய் சொன்னேன்."

"தெரியும். நீயாகவே சொல்வாய் என்று காத்திருந்தேன். அடுத்த ஐப்பசியில் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், அழாதே!"

அடுத்த ஐப்பசி வந்தது. மழை வந்தது. மாங்குயில் வரவில்லை. கார்த்திகையும் மார்கழியும் போயின. மைனா வடக்கே பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது.

"வா, எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன்" என்றது தவளை.

மைனா கீழே இறங்கி வந்து, முதல் தடவையாக ஒழுங்காக 'ஸ' பாடியது. ஆனால் தவளைக்குத் தெரிந்ததும் அந்தச் சில வரிசைகள்தான். அதற்கு மேல் கேட்க அந்தக் கரையில் யாருமில்லை.

அடிப்படையைப் படிக்காமல் தாண்டிப் போகிறவர், அதைச் சொல்லித்தர ஆள் இருந்த நல்ல காலத்தையும் சேர்த்தே இழந்துவிடுவார்.