எச்சில் தட்டு சொன்ன சீஸ்

கொடைக்கானல் விடுதி ஒன்றில் தட்டு கழுவும் வேலை பார்த்தாள் ஞானசெல்வி. அங்கே தலைமைச் சமையல்காரர் சேவியர் மாஸ்டர் என்றாலே எல்லோருக்கும் நடுக்கம். கிறிஸ்துமஸ் விருந்துக்கு வான்கோழி சாண்ட்விச் என்று முடிவானதும், அவர் நான்கு வகை சீஸை மேசையில் பரப்பினார்.

"வெளிநாட்டு சீஸ்தான் இதற்குப் பொருந்தும். இந்த உள்ளூர் சீஸ் வெறும் ரப்பர்."

ஞானசெல்வி சிரித்துவிட்டாள். மாஸ்டருக்குக் கோபம் தலைக்கேறியது.

"அப்படியா? எது நல்லதுன்னு நீயே சொல்லு. வாயில வைக்காம சொல்லணும். தப்பாச் சொன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

மொத்தச் சமையலறையும் கைவேலையை விட்டுவிட்டுச் சூழ்ந்துகொண்டது. முதலாளியம்மாவும் வந்துவிட்டார்.

ஞானசெல்வி உள்ளூர் சீஸைத் தொட்டுக் காட்டினாள்.

"ருசி பாக்காம எப்படித் தெரியும்?" என்று மடக்கினார் மாஸ்டர்.

"ஒரு வாரமா வர்றவங்களுக்கு நாலு வகையிலயும் சாண்ட்விச் போட்டு அனுப்புறீங்க மாஸ்டர். மிச்சத்தைக் கொட்டுறது நான்தான். அதுல மத்த மூணு சீஸும் தினமும் கிடக்கு. இது ஒருநாளும் கண்ணுல படல."

"வர்றவங்களுக்கு ருசி தெரியல!" என்று உறுமினார் மாஸ்டர்.

"உங்க அறையிலிருந்து வர்ற தட்டையும் சேத்துத்தான் சொல்றேன் மாஸ்டர்," என்றாள் அவள் பணிவாக.

சமையலறை சிரிப்பில் அதிர்ந்தது. முதலாளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, உள்ளூர் சீஸில் இருபது கிலோவுக்குச் சொல்லிவிட்டார்.