வெள்ளேரித்தாங்கலில் காப்புக் கட்டிய நாள்

வெள்ளேரித்தாங்கல் ஒரு காலத்தில் ஊர். இப்போது மாநகராட்சியில் ஒரு வார்டு. நெல் விளைந்த இடத்தில் மனை போட்டார்கள். மனை போட்ட இடத்தில் அடுக்குமாடி வந்தது. அம்மன் கோயிலும் அதை ஒட்டிய மடமும் மட்டும்தான் விலை போகவில்லை. யாரும் கேட்காமல் இல்லை.

ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாள். கோயில் தர்மகர்த்தா கன்னியப்பன் மகனுடைய காரில் வந்து மடத்தில் இறங்கினார். மடத்துச் சாமி அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் குரு குருதான். கன்னியப்பன் காலில் விழுந்து எழுந்தார்.

“சாமி, இந்த வருஷம் திருவிழா நின்னுடும் போல இருக்கு.”

“ஏன்?”

“காப்புக் கட்டிக்க ஆள் இல்ல.”

பழைய குடும்பங்களில் ஒருவர் காப்புக் கட்டிக்கொள்வது அந்த ஊர் வழக்கம். கட்டிக்கொண்டவர் அதை அவிழ்க்கும் வரை ஏழு இரவும் ஊர் எல்லைக்குள்தான் படுக்க வேண்டும். காப்பு இல்லாமல் திருவிழா இல்லை.

“பழைய குடும்பமெல்லாம் எங்கே?”

“நிலத்தை வித்துட்டு ஆளுக்கு ஒரு பக்கமா போயிட்டாங்க. கூப்பிட்டா லீவு கிடைக்காதுன்றாங்க.”

“வேற யாரும் கேக்கலையா?”

கன்னியப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“கேட்டுது ஒரு அம்மா. இசக்கியம்மாள்னு, திருநெல்வேலிப் பக்கம். என் கழனியில கட்டின ஃபிளாட்லதான் குடியிருக்கு. எங்கிருந்தோ வந்தவங்களுக்குக் காப்புக் கட்டினா அப்புறம் ஊர்னு ஒண்ணு எதுக்கு? நீங்களே சொல்லுங்க சாமி, யார் இந்த ஊர்க்காரங்க?”

சாமி உள்ளே போய்க் காப்புக் கயிற்றை எடுத்து வந்தார்.

“கையை நீட்டு.”

கன்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அடடா, இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டார். சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினார்.

“ஏழு ராத்திரி” என்றார் சாமி.

நீட்டிய கை அப்படியே நின்றது.

“எனக்குத்தான் இங்க வீடு இல்லையே சாமி. அதையும் கொடுத்துட்டேன்.”

“மடத்துல படு.”

“படுக்கலாம். முட்டி வலி, தரையில படுத்தா எழுந்திருக்க முடியாது.”

“கட்டில் இருக்கு.”

“கொசு வேற…”

ஊர் ஏரி தூர்ந்து போய்விட்டதே தவிர, கொசு போகவில்லை. அது உண்மைதான். சாமி கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தார். கன்னியப்பன் மெல்லக் கையை இழுத்துக்கொண்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

இசக்கியம்மாளுக்கு ஆள் போயிற்று. தலைக்குக் குளித்துவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

“ஏழு ராத்திரி வேற எங்கேயும் படுக்கக் கூடாதும்மா.”

“நான் எங்க போவப்போறேன் சாமி? எங்க அம்மைய இந்த ஊருலதான எரிச்சோம்.”

அவரை அம்மன் முன்னால் நிறுத்திச் சாமி காப்புக் கட்டினார்.

கன்னியப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். மகன் காரைக் கிளப்பிவிட்டான்; ஆனால் இவருக்குக் கால் எழவில்லை. சாமி வெளியே வந்ததும் கேட்டார்:

“அப்போ எனக்கு இங்க என்ன இடம் சாமி?”

சாமி அவர் தோளில் கை வைத்தார்.

“ஞாயித்துக்கிழமை கூழ் ஊத்துறாங்க. குடும்பத்தோட வந்துடு கன்னியப்பா. விருந்தாளி வராம அது என்ன திருவிழா?”