தொக்குக் கடைப் படத்தில் நாலு பேர்

"நாலு நாளா அடுப்படிச் சுவரு நீலமா இல்லைன்னு கத்துறேன், ஒருத்தர் காதுலயாவது விழுதா?" என்று குற்றாலிங்கம் கேட்டதை, அவர் பெண்டாட்டி உலகம்மை ஓர் எழுத்து மாறாமல் அவரிடமே திருப்பிச் சொல்லிக் காட்டினாள். "இருபது வருஷமா வெள்ளையாத்தானே இருக்கு? இன்னைக்கு என்ன வந்துச்சு?"

வந்தது வெப்சைட். உலகம்மையின் மாங்காய்த் தொக்கை அம்பாசமுத்திரத்துச் சொந்தபந்தம் இருபது வருஷமாகச் சும்மாவே தின்று தீர்த்தது. காலிப் பாட்டிலைக்கூடத் திருப்பித் தந்ததில்லை. அதை விற்றுப் பார்க்கலாமே என்று அவள் வாயைத் திறந்ததுதான் தாமதம், புருஷனும் கொழுந்தன்மார் இருவரும் போனைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கோடிங் தெரியவே வேண்டாமாம். சொன்னால் போதும், ஏஐ கட்டிக் கொடுத்துவிடுமாம்.

கட்டியும் கொடுத்தது. முகப்பில் அதுவே வரைந்த படம்: நீலச் சுவர் அடுப்படி, கிரைண்டர் மேல் மயில், சிரிக்கிற மூன்று ஆண்கள், வாய்க்கு நேரே தொக்குக் கரண்டி பிடித்தபடி கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். கீழே ஒரு வரி: "இந்த வலைப்பக்கத்தில் இருப்பதும் உங்கள் இடத்தில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்."

மூவரும் படத்தைப் பார்த்தார்கள். அடுப்படியைப் பார்த்தார்கள். ஒத்துப்போகவில்லை.

படத்தை மாற்றச் சொல்லித் தொலையுங்களேன் என்றாள் உலகம்மை.

மூத்த கொழுந்தன் அணஞ்சபெருமாள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "மைனி, சொன்னா கட்டும்னுதான் போட்டிருக்கு. மாத்தும்னு எங்க போட்டிருக்கு? அதுக்கெல்லாம் கோடிங் தெரியணும். சுவத்தை மாத்த பெயிண்ட் போதும்."

சுவர் நீலமாயிற்று. இளையவன் நெல்லையப்பன் மயிலுக்கு அலைந்து தோகையோடு திரும்பினான். அதை வீட்டுக் கோழிக்குக் கட்டினார்கள். படத்தில் நடுவே நிற்கிற ஆளுக்கு வலது கையில் ஆறு விரல். மூத்தவர் என்ற முறையில் அது குற்றாலிங்கத்துக்கு வந்து சேர்ந்தது. கூடுதல் விரல் கட்டைவிரல் பக்கமா, சுண்டுவிரல் பக்கமா என்று அரை நாள் ஆலோசனை. கடைசியில் சுண்டுவிரலை ஒட்டி விரல் நீளத்தில் ஒரு சிறுகிழங்கை ரப்பர் பேண்டால் கட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை திருநெல்வேலியிலிருந்து ஒரு லேடீஸ் ஹாஸ்டல் வார்டன் வருவதாக இருந்தது. ருசி பிடித்தால் மாசாமாசம் நூறு பாட்டில். அதற்காக விடியலிலேயே நல்லெண்ணெய் மிதக்கத் தொக்கைக் கிண்டி இறக்கி, பட்டுச்சேலை கட்டி வந்து நின்றாள் உலகம்மை.

"மைனி, நீங்க படத்துல இல்லையே," என்றான் நெல்லையப்பன்.

"தொக்கு என்னோடதுடா."

"தொக்கு படத்துல இருக்கு. நீங்க இல்ல. அதுல இருக்கிற அம்மா கண்ணாடில்ல போட்டிருக்காங்க."

மரியாதையாகத்தான் செய்தார்கள். ஸ்டோர் ரூமில் நாற்காலி போட்டு, ஃபேனைச் சுழலவிட்டு, அவளை உள்ளே வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள்.

வார்டன் வந்தார். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். தொக்குப் போடுவது யார் என்று கேட்டார். மூவரும் சிரித்தபடி அசையாமல் நின்றார்கள்; படத்தில் யாரும் பேசவில்லையே. சிறுகிழங்கு மட்டும் லேசாக ஆடியது. அந்த அம்மாள் ஒப்பிடுவதற்காக அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். கோழியைப் பார்த்தார். ஆட்களை எண்ணினார். ஓர் ஆள் குறைந்தது. தன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு கரண்டியில் தொக்கை அள்ளி, வாய்க்கு ஓர் அங்குலம் முன்னால் கொண்டுவந்து, படத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டு, அப்படியே நின்றுவிட்டார்.

ஸ்டோர் ரூம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உலகம்மை கெஞ்சினாள்.

"மேடம், ஒரே ஒரு வாய் வச்சுத்தான் பாருங்களேன்."