பல்லில் அறுந்த நார்

நறுக்கென்று ஒரு சத்தம். பூக்காரிகள் வாழைநாரைப் பல்லால் கடித்து அறுக்கும் சத்தம். சிறுமியாக மாதா கோயில் வாசலைக் கடக்கும்போதெல்லாம் ஃபிலோமினா அதைக் கேட்டிருக்கிறாள்.

வளர்ந்து ஆராய்ச்சி மாணவியானாள். மல்லிகைத் தோட்டங்களில் பூச்சிமருந்து அடிப்பவர்களின் உள்கன்னத்தை லேசாகச் சுரண்டி, அந்தச் செல்களை நுண்ணோக்கியில் பார்ப்பது அவள் வேலை. மருந்து செல்லுக்குள் துருப்போல ஏறும். மரபணு இழை உடையும். உடைந்த துணுக்கு உட்கருவின் பக்கத்தில் சின்னப் பொட்டாகத் தனித்து நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்க, தோட்டத்தையே மிதிக்காதவர்களும் வேண்டும். கோயில் வாசலில் பூக்கட்டும் ஒச்சம்மாளைக் கேட்டாள். வெற்றிலை, புகையிலை தொடாதவள்.

“பல்லு டாக்டரா டீச்சரு நீங்க?” என்று சிரித்தாள் ஒச்சம்மாள். “சொரண்டிக்கங்க. ஆனா உள்ள என்ன கெடந்தாலும் எங்கிட்ட மறைக்கக் கூடாது.”

“சொல்லிடறேங்க்கா.”

தோட்டக்காரர்களைவிட ஒச்சம்மாளின் செல்களில்தான் பொட்டுகள் அதிகம். ஃபிலோமினா திரும்ப எண்ணினாள், மாறவில்லை. கோயில் வாசலுக்கு ஓடினாள். முந்தின நாள் மருந்தடித்த மொட்டுகள் கூடையில் ஈரமாகக் கிடந்தன. அவற்றின்மேல் அந்த ஈரத்தில் ஊறிய நார்க்கற்றை. ஒச்சம்மாளும், நிறைமாத மருமகள் முத்துப்பேச்சியும் அந்த நாரைத்தான் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

பேராசிரியர் வரதராஜன் அந்த மாதிரியை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார். “ஒப்பீட்டுக்கு ஆகாதும்மா. போய்ச் சொல்லிப் பயமுறுத்தாதே. நோய் வரும்னு நம்மால சொல்ல முடியுமா?”

ஃபிலோமினா போய்ச் சொன்னாள்.

“நோவு வருமா?”

“தெரியாதுக்கா. வரலாம், வராமலும் போகலாம்.”

“இதச் சொல்லத்தான் இம்புட்டுப் படிச்சீகளா?”

ஒச்சம்மாள் மருமகளின் கையிலிருந்த நாரைப் பிடுங்கினாள். “எந்திரிச்சு வீட்டுக்குப் போ. இனிமே இந்தப் பக்கம் வராத.” பிறகு அதே நாரைத் தன் பல்லுக்குக் கொண்டுபோனாள். அன்று மாலை ஒரு கல்யாணத்துக்கு மாலை கொடுக்க வேண்டியிருந்தது.

எடுத்துவிட்டவர், சொன்னவள், கேட்டும் கடித்தவள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: நஞ்சு பட்டவளை நஞ்சு படாதவர் வரிசையில் வைக்க முடியாது, பேராசிரியரின் விதி சரிதான். ஆனால் ஏன் எடுத்தார் என்பதை அவர் எங்கும் எழுதவில்லை, தவறு அங்கே. ஒச்சம்மாள் முதலில் கேட்டது நோய் வருமா என்று அல்ல, உள்ளே என்ன கிடக்கிறது என்று. அதற்கு விடை ஃபிலோமினாவிடம் இருந்தது; சொன்னது சரி. சிறுவயதிலிருந்து கேட்ட சத்தத்துக்கு அவள் காது கொடுக்காதது மட்டும் அவளை உறுத்தட்டும். மருமகளையும் அவள் வயிற்றுப் பிள்ளையையும் நஞ்சிலிருந்து விலக்கிவிட்டுத் தன் பிழைப்புக்குத் திரும்பியவளைத் தவறென்று சொல்ல நமக்கு வாயில்லை.

ஒச்சம்மாள் இப்போது மடியில் ஒரு கத்தரிக்கோல் வைத்திருக்கிறாள். அவசரம் என்றால் பல்தான்.