காவி தோய்க்காத வேட்டி

வாளியிலிருந்து எடுத்த வேட்டியைப் பூமிநாதன் பிழியவில்லை. சொட்டச் சொட்ட அப்படியே கொண்டுபோய்க் குருவின் முன்னால் விரித்துப் பிடித்தார்.

"காவி கரைஞ்சிட்டு, சாமி. இது கரையல."

குருவின் வேட்டி அது. நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரத்தக் கறை.

குரு அதைப் பார்க்கவில்லை. "அதான் காவியை இன்னும் கெட்டியாக் கரைச்சுத் தோய்க்கச் சொன்னேன்."

"மூணு மாசமாத் தோய்க்கேன். இனி தோய்க்க மாட்டேன்."

மாட்டேன் என்ற சொல்லை அந்த மடத்தில் யாரும் சொன்னதில்லை. பூமிநாதன் குருவைவிட இரண்டு வயது மூத்தவர். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சீடராக வந்தவர். சொன்னதைச் செய்யத்தான் வந்திருக்கிறேன் என்று முதல் நாளே சொன்னவர்.

"மூலச் சூடு, வே. மோர் குடிச்சா அடங்கும்."

"மோரும் நாந்தான கலக்குதேன். அடங்கலையே."

"இந்த உடம்புச் சட்டை கிழியுது. கிழியட்டும். சட்டையா நான்?"

பூமிநாதன் வேட்டியைத் தரையில் வைத்தார். "நேத்து டாக்டரைப் பார்த்துட்டு வந்தேன்."

"உமக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. எனக்கு ரத்தம் போகுதுன்னு சொன்னேன்."

"பொய்யா சொன்னீரு?"

"சொன்னேன். அவரு லேசுல விடல. சிவப்பாப் போகுதா, தார் மாதிரிக் கறுப்பாப் போகுதான்னாரு. தனியாச் சொட்டுதா, மலத்தோட கலந்து வருதான்னாரு. முன்ன மாதிரி வெளிக்குப் போகுதா, உடம்பு இளைச்சிருக்கா? எனக்கு எப்படித் தெரியும்? முழிச்சேன். கடைசியில கட்டில்ல ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லிட்டாரு."

"பிறகு?"

"கையுறை போட்டாரு."

குரு அவரையே பார்த்தார். "ஒத்துக்கிட்டீரா?"

"குருவுக்காகத் தலையைக் கொடுப்பேன்னு சொல்லியிருக்கேன். அவரு கேட்டது தலை இல்ல."

குரு சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"தலை சுத்துதா?"

குரு சுவரோரம் மெல்லச் சரிந்து உட்கார்ந்தார்.

"டாக்டரு அதையும் கேட்டாரு," என்றார் பூமிநாதன்.

"என்னதான் சொன்னாரு உம்ம டாக்டரு?"

"மூலமாவே இருக்கலாம்னாரு. ஆனா நாமளே மூலம்னு பேரு வச்சிட்டு உக்காரக் கூடாதாம். குடல்ல கட்டி இருந்தாலும் இப்படிப் போகுமாம். உள்ள பார்க்காமச் சொல்ல முடியாதாம். சீக்கிரம் வந்தா சரிபண்ண வழி இருக்காம். தலை சுத்தினாலோ, கறுப்பாப் போனாலோ, நிக்காமக் கொட்டினாலோ, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துரணுமாம்."

"அறுபத்துமூணு வயசாச்சு. போனா என்ன?"

"போங்க. உங்களுக்குச் சாவுக்குப் பயமில்லன்னு ஊருக்கே தெரியும். டாக்டர் கட்டிலுக்குத்தான் பயம்."

"பயமா? எனக்கா?"

"அப்ப வெக்கம்."

குரு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் வந்த அன்னைக்கு ஒரு கேள்வி கொடுத்தீங்க. வலிச்சா, யாருக்கு வலிக்குதுன்னு கேளு. பசிச்சா, யாருக்குப் பசிக்குதுன்னு கேளு. இத்தன நாளும் அதைத்தான் கேட்டுட்டு உக்காந்திருந்தேன். இப்ப உங்ககிட்டக் கேக்கேன். உடம்பு நீங்க இல்லன்னா, அதைக் காட்ட வெக்கப்படுதது யாரு?"

வேட்டியிலிருந்து வடிந்த தண்ணீர் தரையில் ஓடிக் குருவின் காலைத் தொட்டது. அவர் காலை நகர்த்தவில்லை.

"கொடியில வேற வேட்டி கெடக்கா?" என்றார்.

"ஒண்ணு கெடக்கு. காவி தோய்க்காதது."

"எடும்."

டவுன் ஆஸ்பத்திரியில் மருத்துவர் முதலில் பூமிநாதனைத்தான் பார்த்தார். "மறுபடியுமா? உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு நேத்தே சொன்னேனே. இப்ப யாருக்கு?"

பூமிநாதன் குருவைப் பார்த்தார்.

"எனக்கு," என்றார் குரு.

பிறகு யாரும் சொல்லாமலே கட்டிலில் ஏறி, சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தார்.